கடுகு பதிப்பகம்

கணக்கு தொடங்கப் போன வங்கியில்
விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"மசாலா கம்பெனியா மேடம்?" என்றார்.
புத்தகம் என்றேன்.
"அப்போ கடுகு?"
அது ஒரு அளவு என்றேன்.

பெரம்பூர் பாரக்ஸ் சாலை அடகுக்கடையில்
நாலு பவுன் சங்கிலி உறங்கப் போனது.
அதுதான் முதலீடு.
மீதி, வேப்பேரியில் பதினோரு வருடம்
சுவிசேஷக் கைப்பிரதிகளுக்கு மெய்ப்புப் பார்த்த கண்.
"நீ ஆயத்தமா?" என்பதன் கேள்விக்குறியை மட்டும்
எத்தனை ஆயிரம் தடவை
நேராக நிறுத்தியிருப்பேனோ.

லேயாள் கீழ்ப்பாக்கத்தில் இரவு நர்ஸ்.
பழைய மருந்து அட்டவணைகளின் பின்பக்கம் எழுதுவாள்,
பச்சை மையில், டெட்டால் வாசனையோடு.
அவள் நாவலில், செவ்வாய்க் கிரகத்தில்,
நாற்பத்தொரு பேர் கொண்ட ஒரு சபை.
அங்கே ஒரு நாள் நம் நாளைவிட
நாற்பது நிமிடம் நீளம்.
ஏழாம் நாள் எதுவென்று கணக்குத் தப்பிவிடுகிறது.
எப்போது ஓய்வது, எப்போது அப்பம் பிட்பது,
திராட்சையே முளைக்காத மண்ணில் எது ரசம்?
தலைப்பு: செவ்வாயில் ஞாயிறு.
அதைப் படித்த இரவில்
மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு லாரிகூட
எனக்குக் கேட்கவில்லை.

பாஸ்டர் தனசிங் மரியாதையாகத்தான் சொன்னார்:
"கற்பனைன்னாலே பொய்தானே, சிஸ்டர்.
ஆவி கீவி வருதா?"
மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்தவரை,
பேசிய கழுதையை,
உடம்பெல்லாம் கண்ணாய்ச் சுழன்ற சக்கரங்களை
நினைத்துக்கொண்டேன்.
வாய் திறக்கவில்லை.
காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது.

தேனாம்பேட்டைக் கடைக்காரர்
மாதிரி அட்டையில் சிறிய சிலுவையைப் பார்த்ததும்
"ஆன்மிகம் அங்கே" என்றார்,
வாஸ்துவுக்கும் சர்க்கரை நோய்க்கும் நடுவில் விரல் நீட்டி.
புரசைவாக்கம் கிறிஸ்தவப் புத்தக நிலையத்திலோ
ராக்கெட்டைப் பார்த்ததும்
"ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கா?"
இரண்டும் ஒரே அட்டையில் நிற்பது
எனக்கு மட்டும்தான் இயல்பாகப் படுகிறதா என்று
டவுட்டன் சிக்னலில், பச்சை விழுந்தும்
ஸ்கூட்டியை நகர்த்தாமல் யோசித்தேன்.
பின்னாலிருந்தவர்கள் பதில் சொன்னார்கள்.

முழுதாய்ப் படித்த முதல் ஆள்
திருவல்லிக்கேணி அச்சகத்து ஜலாலுதீன்.
பிளேட் போடும் முன் பக்கம் சரிபார்க்கத் திறந்து
மாட்டிக்கொண்டாராம்.
முன்னூறு பிரதி, எழுபது ஜிஎஸ்எம்,
பணம் இரண்டு தவணை
எல்லாம் பேசி முடித்தபின் மெதுவாகக் கேட்டார்:
"அங்கேருந்து பூமி ஒரு புள்ளிதானே.
எங்க ஆளு ஒருத்தர் போனா
கிப்லா எப்படிப் பிடிப்பார்?
அந்தம்மாவைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்க."
லேயாளிடம் சொன்னேன்.
இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.
மூன்றாம் நாள் புதிதாய் ஓர் அத்தியாயம் வந்தது.
செலவு நாலாயிரத்து இருநூறு கூடிற்று.

நவம்பர் மழையில், ஆட்டோவில்
தார்ப்பாய் போர்த்திப் பதினைந்து கட்டு.
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஒன்றைப் பிரித்தால்
எண்பத்தேழாம் பக்கத்தில்
கர்த்தர் ஒரு புள்ளியை இழந்து
கரத்தர் ஆகியிருக்கிறார்.
பதினோரு வருடக் கண்!
அழுதுகொண்டே போன் செய்தேன்.
"கை உள்ளவர்தானே, இருக்கட்டும்" என்றாள் லேயாள்.
பின்னணியில் யாரோ பெட்பான் கேட்டார்கள்.

இதுவரை விற்றது அறுபத்து நான்கு.
அதில் ஒன்று பாஸ்டரம்மா வாங்கியது,
பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு.
போன ஞாயிறு செருப்பு விடும் இடத்தில்
என் முழங்கையைப் பிடித்தார்:
"கடைசிவரைக்கும் எந்த நாள்னு சொல்லாமலே
முடிச்சிட்டாளே. ரெண்டாம் பாகம் இருக்கா?"

வளையலைத் திருகியபடி
இருக்கு என்று சொல்லிவிட்டேன்.
லேயாளுக்கு இன்னும் தெரியாது.